நிற்கச் சொன்ன இடம்

சென்ற மாதம் இரண்டு இளம் பயிற்சியாளர்கள் செவ்வாப்பேட்டையில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். நகரத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்கிறவர்கள். வந்து உட்கார்ந்ததும் ஒருவர் கைபேசியில் ஒரு படத்தை ஓட்டிக் காட்டினார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் மட்டையைப் பிடித்துப் பந்துக்கு முன்னால் நிற்கிறார். அவருடைய தோள், இடுப்பு, முழங்கால் எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடுகள் வரைந்திருந்தார்கள். நிற்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் படம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அவர் அடிக்கவில்லை. கடைசியில் பின்வாங்கி முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

"மூணு மாசமா இப்படித்தான் சார். எல்லாம் கரெக்டா நிக்கிறாரு, ஸ்டிக்கத் தூக்க முடியல. உங்க சர்வீஸ்ல இந்த மாதிரி யாராவது வந்திருக்காங்களா?"

"ஒருத்தர் வந்தாரு."

"சரியாச்சா?"

"ஆச்சு."

"எப்படி சார் சரி பண்ணீங்க?"

நான் பேச்சை மாற்றிக் காபி கொண்டுவரச் சொன்னேன். அவர்கள் போன பிறகு மனம் நிலைகொள்ளவில்லை. முப்பத்தெட்டு வருடம் அந்த வேலை பார்த்தேன். எத்தனையோ பேரை நிற்க வைத்தேன். அந்த ஒருவரைப் பற்றி மட்டும் பல வருடங்களாக யாரிடமும் பேசியதில்லை. எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் ஆரம்பக் காலத்தை நீட்டி எழுத ஒன்றுமில்லை. பதினைந்து வயதில் ரயிலேறிப் போய் நகரத்து மைதானத்தில் துரைமார்களின் மட்டைப் பையைச் சுமந்தேன். ஆறேழு வருடம் சுமந்ததில் ஆட்டம் கண்ணுக்குப் பழகியது. அறுபதுகளின் நடுவில், திருவள்ளூர் பக்கம் இருந்த ஒரு பெரிய தொழிற்சாலையில் அதிகாரிகளுக்காக ஒன்பது குழி மைதானம் போட்டார்கள். அங்கே மார்க்கராகச் சேர்ந்தேன். கிளப்புகளில் ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு அப்போது மார்க்கர் என்று பெயர். சம்பளப் பட்டியலில் 'தோட்டப் பிரிவு, உதவியாளர்' என்றுதான் இருந்தது.

மைதானம் என்றதும் பச்சைப் புல்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். ரயில் பாதையை ஒட்டிய வறண்ட நிலம். குழியைச் சுற்றிப் புல் வளர்க்கத் தண்ணீர் இல்லை. அதனால் மணலில் தொழிற்சாலையின் கழிவு எண்ணெயைக் கலந்து, உருளை ஓட்டி வட்டமாகச் சமப்படுத்தி வைத்திருப்போம். பிரவுன் என்பார்கள். காலையில் அதை வாரிச் சமன் செய்வது என் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் எண்ணெய் வாடை கையை விட்டுப் போகாது.

எனக்கு மேலே இருந்தவர் பிரான்சிஸ். ஆங்கிலோ இந்தியர். ஸ்டோர்ஸில் அதிகாரி, மைதானத்துக்குச் செயலாளர். நெட்டையாக, வெளிறிப்போன காக்கி அரைக்கால் சட்டையில் வருவார். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும், காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். கற்றுக்கொள்ள வருகிறவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் முதல் இரண்டு வாரம் பந்தை அடிக்க விட மாட்டார். "நிக்கத் தெரியாதவன் அடிச்சா அது விபத்து மேன், ஆட்டம் இல்ல" என்பார். அந்த இரண்டு வாரமும் நிற்பது மட்டும்தான். நின்று காட்ட வேண்டும். அவர் பார்த்துவிட்டு, "கலைச்சிட்டு வா" என்பார். பத்தடி தள்ளிப் போய்த் திரும்பி வந்து மறுபடி நிற்க வேண்டும். ஒரு காலையில் முப்பது தடவை.

நான் கற்றுக்கொண்டு பிறகு சொல்லிக் கொடுத்த முறை இதுதான். முதலில் கை. இடது கையைத்தான் முதலில் வைக்க வேண்டும். மட்டை உள்ளங்கையில் படக் கூடாது, விரல்களின் குறுக்கே கிடக்க வேண்டும். மூடிய பிறகு குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு முட்டி தெரிய வேண்டும். ஒன்று தெரிந்தால் பந்து வலது பக்கம் ஓடும், மூன்று தெரிந்தால் இடது பக்கம். வலது கை அதன் மேல் வந்து இடது கட்டைவிரலை மூடிக்கொள்ள வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்று எல்லோரும் கேட்பார்கள். ஊர்க்காரர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடுவேன்: நாற்று முடியைப் பிடிக்கிற மாதிரி. விட்டால் சேற்றில் விழும், நசுக்கினால் வேர் போய்விடும்.

அடுத்தது குறி. பெரும்பாலானவர்கள் முதலில் காலை ஊன்றிக்கொண்டு பிறகு மட்டையைத் திருப்புவார்கள். அது தப்பு. மட்டையின் முகத்தை முதலில் குழிக்கு நேராக வைத்துவிட்டு, அதற்கேற்பக் கால்களை வைக்க வேண்டும். தரையில் இரண்டு கயிறுகளை முளையடித்து இணையாகக் கட்டியிருப்பேன். ஒன்று பந்துக்கு, ஒன்று பாதத்துக்கு. கால் அகலம் தோள் அகலம். சின்ன மட்டைக்குப் பந்து நடுவில், நீள மட்டைக்கு இடது குதிகாலுக்கு நேரே. கடைசியாகக் குனிவது. கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி முதுகை வளைக்கக் கூடாது. முதுகு நேராக இருக்க, இடுப்பிலிருந்து மடங்க வேண்டும். முழங்கால் லேசாகத் தளர வேண்டும். கைகள் தாமாகத் தொங்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் அடிப்பது என்பது மிச்சம் இருக்கும் சின்ன வேலை.

பிரான்சிஸ் எனக்கு மூன்று கட்டளைகள் போட்டிருந்தார். கேட்காமல் ஒருவரைத் தொடாதே. ஒருவர் பந்தின் மேல் குனிந்து நிற்கும்போது வாயைத் திறக்காதே. மூன்றாவதை மட்டும் பல தடவை சொல்வார்: "இங்க கேக்குறது இங்கயே மேன். ஃபேக்டரிக்குள்ள போகக் கூடாது. ஊட்டுக்கும் போகக் கூடாது." அதிகாரிகள் ஒன்பது குழி நடக்கிற நேரத்தில் யாருக்கு வேலை உயர்வு, யாரை மாற்றப்போகிறார்கள், எந்த மில்லை மூடப்போகிறார்கள் என்று எல்லாம் பேசுவார்கள். பின்னால் நடக்கிற எனக்குக் காது இல்லை என்பதுதான் என் வேலைக்கு ஆதாரம்.

வேதமூர்த்தி சார் என்னிடம் வந்தது நான் சேர்ந்த நாலாவது வருடம். பராமரிப்புப் பிரிவு இஞ்ஜினியர். நாற்பது வயது இருக்கும். கண்ணாடி போட்டவர், மெலிந்தவர், தன்மையாகப் பேசுவார். என்னை 'மாணிக்கம்' என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அதிகாரிகள் இரண்டு மூன்று பேர்தான், அதில் அவர் ஒருவர். மற்றவர்களுக்கு நான் 'ஏய் மார்க்கர்'. நான் சொன்னதை ஒரு சின்ன நோட்டில் படம் போட்டு எழுதிக்கொள்வார். ஆறு மாதத்தில் அவர் நிற்கிற அழகைப் பார்க்கப் பிரான்சிஸே வந்து பின்னால் நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை தனத்தின் வீட்டுக்காரர் ஏழுமலைக்கு வேலை தேடிக்கொண்டிருந்தேன். பெரியபாளையத்தை அடுத்த ஆரணிப் பக்கம் ஊர். சொந்தமாக ஒன்றரை ஏக்கர், இரண்டு வருடம் மழை பொய்த்ததில் ஒன்றும் நிற்கவில்லை. உழைப்புக்கு அஞ்சாத ஆள். வெற்றிலை கூடப் போட மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதமூர்த்தி சார் வரிசையாக ஏழு பந்தை நேர்கோட்டில் அடித்துவிட்டுச் சிரித்தபடி திரும்பினார். நான் அந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

"சார், எம் மாப்ள ஒருத்தரு ஊர்ல சும்மா கீறாரு. உங்க செக்‌ஷன்ல எதுனா..."

"அனுப்பு மாணிக்கம், பார்க்கலாம்" என்றார்.

மறு மாதமே ஏழுமலை கலாசியாகச் சேர்ந்தார். கிரேன் தூக்குகிற பாரத்தைக் கட்டுவது, பிடித்துத் திருப்புவது, இறக்கி வைப்பது அவர் வேலை. தொழிற்சாலைக்கு அருகில் வாடகைக்கு வீடு எடுத்தார்கள். ஐந்து வயதுப் பெண் குழந்தை. தனம் ஒரு நாள் எனக்குக் கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டபடி சொன்னாள்: "உன்னாலதாண்ணா நாங்க ஒரு வேள சோறு துன்றோம்." அப்படிச் சொல்லாதே என்று அதட்டினேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

இரண்டு வருடம் கழிந்தது. மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஆறாவது பிரவுனை வாரிக்கொண்டிருந்தேன். சங்கு அடித்தது. அது வேலை நேரச் சங்கு இல்லை, நிறுத்தி நிறுத்தி அடிக்கிற சங்கு. வாரியைப் போட்டுவிட்டு ஓடினேன். லாரியில் ஏற்றத் தூக்கிய வார்ப்பு இரும்பு கிரேனிலிருந்து நழுவி இறங்கியிருந்தது. ஏழுமலை அதன் அடியில் இருந்தார். கால்களை மட்டும்தான் எனக்குக் காட்டினார்கள். செருப்பை வைத்து நான் அடையாளம் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து விசாரணை முடிவை வாயிலில் இருந்த பலகையில் ஒட்டினார்கள். 'தொங்கும் பாரத்தின் அடியில் விதிகளுக்கு மாறாகத் தாமாகவே சென்று நின்றதே விபத்துக்குக் காரணம்.' மேலே இருந்த கிரேன் ஆபரேட்டர் பார்த்ததைச் சொல்லியிருந்தார். ஏழுமலை நடந்து உள்ளே போனது அவருக்குத் தெரிந்தது. கீழே யார் என்ன பேசினார்கள் என்பது அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்க வழியில்லை. கிரேனின் பிரேக் ஒரு வாரமாகவே நழுவிக்கொண்டிருந்தது என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு பலகைக்கு வரவில்லை.

புத்தியுள்ள ஆள் ஏன் தொங்குகிற இரும்புக்கு அடியில் போய் நிற்கிறான்? கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் ஜனங்கள் தாங்களே ஒரு பதிலை வைத்துவிடுவார்கள். குடித்துவிட்டு வந்தானாம் என்றார்கள். பிறகு அந்த 'ஆம்' போய், குடித்துவிட்டு வந்தான் என்றே ஆயிற்று. தண்ணீர்க் குழாயடியில் தனத்தின் முகத்துக்கு நேரே ஒருத்தி சொன்னாள்.

வீட்டைக் காலி செய்து ஆரணிக்கு மாமியார் வீட்டுக்குப் போகிற நாளில் தனம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ண்ணா. அவரு ஏன் அங்க போய் நின்னாரு? அத்த மட்டும் கேட்டுச் சொல்லு. நீ பெரிய மனுசங்களோட பழகுற இல்ல? கேட்டுச் சொல்லு."

கேட்கிறேன் என்றேன்.

வேதமூர்த்தி சார் அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. ஏழுமலை அவர் பிரிவில் வேலை செய்தவர், துக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நான் கும்பிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பையிலிருந்து ஏழாம் நம்பர் இரும்பு மட்டையை உருவிக்கொண்டு கயிறுகளுக்கு நடுவில் போய் நின்றார்.

கை வைத்தார். இரண்டு முட்டி தெரிந்தது. மட்டையின் முகத்தைக் குறி வைத்தார். கால், இடுப்பு, முழங்கால் எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தபடி வரிசையாக வந்து அமர்ந்தன. அவ்வளவுதான், அப்படியே நின்றுவிட்டார். நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து, இருபது, நாற்பது. மணிக்கட்டின் நரம்பு துடிப்பது தெரிந்தது. மூக்கின் நுனியில் வியர்வை சேர்ந்து பந்தின் மேல் சொட்டியது. மட்டை ஒரு விரல் அளவு கூட அசையவில்லை. பிறகு பின்வாங்கினார். மறுபடி வந்து நின்றார். மறுபடி அதே.

"என்னமோ வரமாட்டேங்குது மாணிக்கம்" என்றார்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். பந்தை எடுத்துவிட்டு வெறும் காற்றில் வீசச் சொன்னேன், பழைய வீச்சு சுத்தமாக வந்தது. பந்தை வைத்தால் நின்றுவிடும். மட்டையை மாற்றினேன். மூச்சை விட்டபடி தூக்கச் சொன்னேன். வாய்விட்டு ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மற்ற அதிகாரிகள் தூரத்தில் நின்று சிரிக்க ஆரம்பித்தார்கள். பிரான்சிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவர் நல்ல மனுஷன் மேன். உன் மாப்ளைக்கு வேலை குடுத்தவர். அவர சரி பண்ண வேண்டியது உன் வேலை."

ஆடி மாதம். காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது, ஆட்டத்துக்கு வேறு யாரும் வரவில்லை. அதுவரை நான் எப்போதும் அவருக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தேன். அன்றைக்கு முகத்தைப் பார்க்கலாம் என்று முன்பக்கம் வந்து, பந்துக்கு நாலடி தள்ளி அவருக்கு எதிரே நின்றேன். தொடையில் கை ஊன்றிக் குனிந்து அவர் கைகளையே பார்த்தேன். அவர் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கண் பந்திலிருந்து மெல்ல உயர்ந்து என் கால்களுக்கு வந்தது.

"அங்க நிக்காதே!"

கத்திவிட்டார். ரயில் பாதை வரைக்கும் கேட்டிருக்கும். நான் துள்ளி விலகினேன். மட்டை அவர் கையிலிருந்து விழுந்தது. அவர் அப்படியே புழுதியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"நான்தான் சொன்னேன், மாணிக்கம். நான்தான் அவனை அங்க நிக்கச் சொன்னேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொல்லிக்கொண்டே போனார். லாரி காத்துக்கொண்டிருந்தது. பாரம் ஆடியது. தள்ளி நின்று இழுத்துப் பிடிக்கக் கயிறு இருக்க வேண்டும், அன்றைக்குக் கயிறு இல்லை. ஸ்டோர்ஸுக்கு ஆள் அனுப்பினால் அரை மணி ஆகும். "'கையால பிடி, உள்ள போய் நில்லு'ன்னு சொன்னேன். அவன் ஒரு தடவை மேல பார்த்தான். 'சார், பிரேக்கு...'ன்னான். 'ஒரு நிமிஷ வேலைதான், நில்லு'ன்னேன். போய் நின்னான்."

காற்று அடித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடிக்க வேண்டும் என்று தோன்றியதா என்றால், இல்லை. ஏழுமலை மேலே பார்த்தது மட்டும் கண்ணில் நின்றது. பயந்துதான் போயிருக்கிறார். பயந்தும் உள்ளே போய் நின்றிருக்கிறார். என் பெயரைக் காப்பாற்றுவதற்காகவும் இருக்கலாம். மச்சான் வாங்கிக் கொடுத்த வேலை, மச்சானுக்குத் தெரிந்த சார்.

"ஆபீஸ்ல சொன்னீங்களா சார்?"

இல்லை என்று தலையை ஆட்டினார். "என்கிட்ட யாரும் கேக்கல. எழுதி வச்சிருந்தாங்க, கையெழுத்துப் போடச் சொன்னாங்க."

"எந் தங்கச்சி கேட்டுக்கினே கீது சார். அவரு ஏன் அங்க நின்னாருன்னு. குடிச்சிட்டு நின்னாருன்னு ஊரே பேசுது. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும். ஆபீஸ்ல வேணாம். அதுங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"வரேன்" என்றார். "கண்டிப்பா வரேன் மாணிக்கம். எனக்கு ஒரு வாரம் குடு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். கயிறுகளுக்கு நடுவில் நின்றார். நான் பின்னால் நின்றேன். மூச்சை இழுத்தார், மட்டை மேலே போனது, இறங்கியது. பந்து நூற்று ஐம்பது கெஜம் நேராகப் பறந்து போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

இதைத்தான் அந்த இளைஞர்களிடம் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் மனதில் அடைத்துக்கொண்டிருந்ததை என்னிடம் இறக்கி வைத்துவிட்டார். அவருக்கு லேசாகிவிட்டது. ஆவணிக்குள் பழைய ஆட்டம் திரும்பிவிட்டது. பிரான்சிஸ் என் தோளில் தட்டி, "வெல் டன் மேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரே தடவைதான்.

ஆரணிக்கு எப்போது போகலாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டேன். முதலில் "அடுத்த வாரம்" என்றார். பிறகு ஆயுத பூஜை போகட்டும் என்றார். பிறகு மழை என்றார். பிறகு நான் கேட்க வாயெடுக்கும்போதே பந்தை வைத்துக் குனிந்துவிடுவார். பந்தின் மேல் நிற்கிறவரிடம் பேசக் கூடாது என்பது என் தொழில் கட்டளை.

நான் ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது, எனக்கும் அப்போது கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். பிரான்சிஸின் மூன்றாவது கட்டளை இருந்தது. அவர் தாமாக வந்து சொன்னால்தான் அதற்கு மதிப்பு என்றும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இவையெல்லாம் உண்மைதான். இதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. அவருடைய வீச்சைப் பார்த்து எல்லோரும் மெச்சினார்கள். அது நான் திருப்பிக் கொண்டுவந்தது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதவே கூசுகிறது.

ஆடி முடிவதற்குள்ளேயே தனம் ஒரு தடவை என் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கேட்டியாண்ணா?"

"கேட்டேம்மா. யாருக்கும் ஒண்ணும் தெரியலயாம்."

"சரி வுடு. நீ இன்னா பண்ணுவ" என்று எழுந்துபோனாள்.

தை மாதம் வேதமூர்த்தி சாருக்குக் கல்கத்தா பக்கம் இருந்த இன்னொரு தொழிற்சாலைக்கு மாற்றல் வந்தது. பதவி உயர்வோடு. சாமான் ஏற்றுகிற அன்று காலையில் அவர் பங்களாவுக்குப் போனேன். லாரியில் பீரோவைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வாசலுக்கு வந்தார்.

"இன்னிக்காவது போலாம் சார். ஜீப் இருந்தா ஒரு மணி நேரம்."

"மாணிக்கம், இனிமே சொல்லி என்ன ஆகப்போவுது? அந்தப் பொண்ணுக்கு ஆறின புண்ணைக் கிளறின மாதிரி ஆயிடும்."

"ஆறலயே சார்."

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது. பிறகு உள்ளே போய்விட்டார். அந்த லாரி மதியத்துக்குள் ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்டைத் தாண்டியிருக்கும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பெரியபாளையம் வழியாக ஆரணிக்குப் பஸ் ஏறினேன். அறுவடைக் காலம். ஊருக்கு வெளியே ரோட்டோரத்தில் நெல்லைக் காயப்போட்டு, தனம் காலால் அளைந்து புரட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு மணி வெயில். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இன்னாண்ணா, சொல்லாம கொள்ளாம வந்துகீற? ஊட்ல எல்லாரும் நல்லா கீறாங்களா?"

நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன். லாரி, கயிறு இல்லாதது, அவர் நிற்கச் சொன்னது, ஏழுமலை மேலே பார்த்தது, 'பிரேக்கு' என்று சொன்னது, எதையும் விடவில்லை. அவள் நெல்லுக்கு நடுவில் அசையாமல் கேட்டாள்.

"நிக்கச் சொன்னாங்களா?"

"ஆமாம்மா."

"அவரா போய் நிக்கல."

"இல்ல."

கண்ணை மூடிக்கொண்டாள். உதடு எதையோ சொல்லிக்கொண்டது. அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது போல இருந்தது. சொன்னது நல்லதாயிற்று என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

நேற்றுத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். வரும் வழியெல்லாம் அப்படிச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"ஆடி மாசம்."

"ஆடியில நான் ஊட்டாண்ட வந்து கேட்டனே."

"கேட்ட."

"அப்பத் தெரியுமா?"

"தெரியும்."

ரோட்டில் ஒரு மாட்டு வண்டி வந்தது. அவள் நெல்லைக் காலால் ஒதுக்கி வழி விட்டாள். வண்டி போனதும் நெல்லை மறுபடி பரப்பினாள்.

"பொங்கலுக்கு மொத நாளு ஒரு பொம்பளயோட சண்ட வந்து, 'குடிகாரம் பொண்ணு தானே'ன்னு எம் பொண்ணச் சொன்னா. அது எங்கிட்ட வந்து, 'அப்பா குடிச்சாராம்மா'ன்னு கேட்டுது. தெரியலம்மான்னேன். எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. அவரு கூட அத்தன வருசம் குடும்பம் பண்ண எனக்கே." குரல் உயரவில்லை. "ஆறு மாசம். நான் அவர மனசுக்குள்ள திட்டிக்கினு இருந்தேன்."

நான் ஆபீஸுக்கு வந்து சாட்சி சொல்கிறேன், வேலை போனாலும் போகட்டும், எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவள் குனிந்து ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து, காய்ந்ததா என்று கடித்துப் பார்த்தாள்.

"வேணாங்க" என்றாள். "சாப்ட்டீங்களா?"

அது அப்போது என் காதில் ஏறவில்லை. வீட்டுக்குப் போனோம். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். திரும்பிவரும் பஸ்ஸில் பெரியபாளையம் தாண்டும்போதுதான் அந்த 'ங்க' எனக்கு உறைத்தது.

அவள் சொல்ல வேண்டாம் என்றாலும் நான் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அறையில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கல்கத்தாவுக்குக் கடிதம் போயிற்று. அப்படி எதுவும் பேசியதாக நினைவில்லை என்று பதில் வந்தது. பிரான்சிஸ் என்னைப் பார்த்து, எப்போதும் பேசுவதைவிட மெல்லிய குரலில், "சாவியை வச்சிட்டுப் போ மேன்" என்றார். பிறகு நகரத்து மைதானத்தில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான்.

தனம் இப்போது ஆரணியில் மகள் வீட்டில் இருக்கிறாள். எழுபத்தைந்து தாண்டிவிட்டது. மகள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பொங்கலுக்கும் ஆடிக்கும் நான் தவறாமல் போகிறேன். நான் படியேறுவதைப் பார்த்தால், முழங்கால் வலியோடும் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவாள். "வாங்க. உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்களே" என்பாள். மருமகனிடமோ சம்பந்தியிடமோ கூட அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. உடன்பிறந்தவர்களில் என்னிடம் மட்டும்தான்.

போன ஆடிக்கும் போயிருந்தேன். பக்கத்து வீட்டம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் இதைப் பார்த்துவிட்டுத் தன் மகளிடம் சொன்னாள்: "பாத்துக்கடி. கூடப் பொறந்த அண்ணனுக்கு இந்த வயசுல இன்னா மரியாத குடுக்குது பாரு."